இறங்க அரை மணி நேரம், சரி... ஏற?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் ‘பாலைவனத்தில் விண்கல் விழுந்த பள்ளம்’ என்று சவூதியில் இருக்கிற அல் வஹ்பாவைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். காரிமங்கலத்தில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் ஒருவர் அதைச் சத்தமாகப் படித்தார். நான் “அது விண்கல் இல்லைங்க, எரிமலை” என்றேன். “பேப்பர்லயே போட்டிருக்கு, நீ என்னப்பா” என்று அவர் திருப்பிக் கேட்க, அங்கேயே ஒரு சின்னப் பஞ்சாயத்து ஆகிவிட்டது. விண்கல்லா எரிமலையா என்பதில் தப்பு வந்தால் யாருக்கும் அடிபடப் போவதில்லை, அதை விடுங்கள். ஆனால் அதே செய்தியின் கடைசி வரியில் ‘அரை மணி நேரத்தில் எளிதாக இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்’ என்று இருந்ததே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நான் சவூதியில் தாயிஃப் என்ற ஊரில் பதினோரு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். 2021-இல் ஊர் திரும்பி இங்கேயே ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து டிரைவராக, எலக்ட்ரீஷியனாக, கடையில் வேலைக்கு என்று அங்கே போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஊர்ச் செய்தி தெரியவேண்டும் என்று ரூமில் படுத்துக்கொண்டு உங்கள் பேப்பரை போனில் படிக்கிறவர்கள் அவர்கள்தான். வெள்ளிக்கிழமை லீவில் எங்கே போகலாம் என்று யோசிக்கிறவனுக்கு, அரை மணி நேரம், எளிது என்று படித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத்தான் தோன்றும். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

2017 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. நான், மாரண்டஅள்ளிக்காரர் ஒருவர், பர்கூரிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன், மூன்று பேர். வாடகைக்கு ஒரு கார் எடுத்தோம். தாயிஃபிலிருந்து அந்தப் பள்ளம் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, வழியில் ஒரு பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், குப்பூஸ் ரொட்டியும் தயிரும் வாங்கிச் சாப்பிட்டு, அங்கே போய்ச் சேரும்போது மணி பத்தரை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்று. அது போதும் என்று நினைத்ததே நான்தான், பழி வேறு யார் மேலும் இல்லை.

ரோடு பள்ளத்துக்குப் பக்கம் வரைக்கும் போகிறது. கடைசி நிமிடம் வரை எதுவுமே தெரியாது, சுற்றிலும் கறுப்புக் கல் கொட்டிய மாதிரித் தரை. அரபியில் அதை ஹர்ரா என்பார்கள், எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த வெளி. இந்த வெளிக்குப் பெயர் ஹர்ரத் கிஷ்ப், அதன் மேற்கு ஓரத்தில்தான் வஹ்பா. காரை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்தால் பூமி அப்படியே காணாமல் போகிறது. இந்த விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் 2 கிலோமீட்டர், ஆழம் 250 மீட்டர். மாடிக் கணக்கில் சொன்னால் 80 மாடி. தருமபுரியில் 80 மாடியை எங்கே போய்ப் பார்ப்பது, அதனால் அந்த எண் அன்றைக்கு எங்களுக்கு உறைக்கவே இல்லை. அடியில் பால் கொட்டி வைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. பர்கூர் தம்பி “அண்ணா, தண்ணியா அது?” என்று கேட்டான்.

விண்கல் என்று நீங்கள் எழுதியதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் விஞ்ஞானிகளே அப்படித்தான் நினைத்தார்கள். அப்புறம்தான் பாறைகளைப் பார்த்து எரிமலை வேலை என்று முடிவுக்கு வந்தார்கள். இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. அதே சவூதியில், தெற்கே ரூப் அல் காலி மணல்காட்டில் வாபர் என்று ஓர் இடம் உண்டு, அங்கே இருப்பவை நிஜமான விண்கல் பள்ளங்கள். வஹ்பா, வாபர், காதில் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1932-இல் ஃபில்பி என்ற ஆங்கிலேயர் மணலில் புதைந்துபோன ஒரு பழைய நகரத்தைத் தேடிக்கொண்டு போய் வாபரைக் கண்டபோது, அதை எரிமலை வாய் என்று நினைத்துவிட்டார். அவர் கொண்டுபோன கல்லை லண்டனில் சோதித்த பிறகுதான் விண்கல் என்று தெரிந்தது. ஆக, விண்கல்லை எரிமலை என்றார்கள், எரிமலையை விண்கல் என்றார்கள். வாபரில் பெரிய பள்ளமே 116 மீட்டர் அகலம்தான், வஹ்பாவின் பக்கத்தில் அது குட்டை. நம் நாட்டில் விண்கல் பள்ளம் பார்க்கவேண்டும் என்றால் மகாராஷ்டிராவில் லோனார் இருக்கிறது, சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம், நடுவில் ஏரி. அதையும் எரிமலை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

சரி, எரிமலை என்றால் மேலே கூம்பு மாதிரி மலை இருக்கவேண்டாமா, இது ஏன் குழியாக இருக்கிறது என்று டீக்கடைக்காரர் கேட்டார். நல்ல கேள்விதான். அவர் பஜ்ஜிச் சட்டியைக் காட்டியே பதில் சொன்னேன். காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியைப் போட்டால் என்ன ஆகும்? வெடித்து மூஞ்சியில் தெறிக்கும். தண்ணீர் திடீரென்று ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், கேட்ட இடம் கிடைக்காவிட்டால் எதிரில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு எடுத்துக்கொள்ளும். கேஸ் லைனில் வேலை பார்க்கிற எனக்கு இது நன்றாகவே தெரியும். வஹ்பாவிலும் அதே கதைதான். பூமிக்கு அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலே வரும் வழியில் நிலத்தடி நீரைத் தொட்டிருக்கிறது, ஆவி தன் மேலிருந்த பாறையை எல்லாம் பிய்த்து வெளியே வீசிவிட்டது. வீசப்பட்ட சாம்பலும் துண்டுக் கல்லும் இறுகித்தான் விளிம்பைச் சுற்றிக் கரை கட்டினாற்போல நிற்கிறது. இதெல்லாம் நடந்து சுமார் 11 லட்சம் வருடம் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பள்ளத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் இது கண்ணுக்கே தெரியும். மேலே மங்கலான சாம்பல் அடுக்கு. அதற்குக் கீழே கறுப்பாக, செங்குத்தாக, எரிமலைக் குழம்பு உறைந்த கல். அதற்கும் கீழே ரொம்பப் பழைய பாறை. என் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கல் குவாரியில் இருபது வருடம் இருந்தவர். அவர் மட்டும் கூட இருந்திருந்தால் அந்தச் சுவரை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். நம் ஊரில் கறுப்பு கிரானைட் என்று சமையல் மேடைக்குப் போடுகிறோமே, அதுவும் பெரும்பாலும் அந்தக் கறுப்புக் கல்லுக்குச் சொந்தம்தான். டாலரைட் என்பார்கள், பூமிக்குள்ளே விரிசலில் ஏறி வந்த குழம்பு வெளியே வரமுடியாமல் அங்கேயே மெதுவாக ஆறிக் கெட்டியானது. அங்கே வெளியே வந்து ஓடியது, இங்கே உள்ளேயே நின்றுவிட்டது. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியில் கார்பனடைட் என்று இன்னோர் அபூர்வமான உருகு பாறை இருக்கிறது, கல்லூரிகளிலிருந்து வந்து பார்க்கிறார்கள், நாம்தான் பார்த்ததில்லை.

எதையோ சொல்ல வந்து எங்கேயோ போய்விட்டேன். இறங்கிய கதைக்கு வருகிறேன்.

இறங்குவதற்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நீங்கள் எழுதிய அரை மணியிலிருந்து ரொம்ப தூரம் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒற்றையடிப் பாதை, சரளைக் கல், சில இடத்தில் கையை ஊன்றித்தான் இறங்கவேண்டும். மாரண்டஅள்ளிக்காரர் போட்டிருந்தது ரப்பர் செருப்பு, வலது கால் வார் பாதி வழியிலேயே பிய்ந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். இறங்கும்போது எல்லாருமே சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், அதுதான் விஷயம். உடம்பு அலுக்கவே இல்லை. அடிக்குப் போனபோது பாட்டில் முக்கால்வாசி காலி, அப்போதும் யாருக்கும் பயம் வரவில்லை.

என் பையில் ஏசி காற்று எவ்வளவு ஜில்லென்று வருகிறது என்று பார்க்க வைத்திருக்கும் சின்னத் தெர்மாமீட்டர் எப்போதும் கிடக்கும். விளிம்பில் நிற்கும்போது நிழலில் பிடித்ததற்கு 33 காட்டியது. அடியில், என் உடம்பு நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பிடித்தேன், 39. மேலே அடித்த காற்று கீழே துளியும் இல்லை. தலைக்கு மேலே ஒரு வெயில் என்றால், வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி அடிப்பது இன்னொரு வெயில். தொப்பி போட்டிருந்தும் எனக்குத் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்கு உள்ளேயும் தோல் உரிந்தது, நாலு நாள் மூக்கைச் சிந்த முடியவில்லை. மூக்குக்குள் வெயில் அடிக்கும் என்று அதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

உப்புத் தரை பார்க்கத்தான் கெட்டி. கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம், சில இடத்தில் அதற்கு அடியில் ஈரச் சேறு. பர்கூர் தம்பி நடு மையத்தில் நின்று போட்டோ எடுக்கிறேன் என்று ஓடி, கணுக்கால் வரைக்கும் இறங்கிவிட்டான். மழை பெய்த பிறகு அங்கே தண்ணீரே நிற்குமாம், அந்த மாதிரி நாளில் நடுவுக்குப் போகவே கூடாது.

இப்போது ஏறுவது. நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தீர்த்தமலைக்குப் போகிறோம், ராயக்கோட்டைக் கோட்டை மலை ஏறுகிறோம். முதலில் ஏற்றம். மூச்சு வாங்கினால் பாதியில் ஒரு திண்டில் உட்காருவோம், முடியாவிட்டால் திரும்பிவிடுவோம், இறக்கம் நம்மை வீட்டில் கொண்டு விட்டுவிடும். மலை நமக்கு முதலிலேயே எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. வஹ்பா தலைகீழ் மலை. சுலபமானதை முதலில் கொடுத்து, காலை நேரத் தெம்பையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு, உச்சி வெயிலில் 250 மீட்டர் ஏற்றத்தைக் கையில் கொடுக்கிறது. பாதியில் திரும்பலாம் என்றால் எங்கே திரும்புவது, மறுபடியும் அடிக்கா? நாற்பது வருடமாக மலை ஏறிப் பழகிய கால் இந்தக் கணக்கைத் தானாகப் போடாது. ஏறி இறங்குகிற பழக்கம் நமக்கு உண்டு, இறங்கி ஏறுகிற பழக்கம் கிணற்றோடு சரி.

ஏறுவதற்கு எங்களுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆனது. மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் மாரண்டஅள்ளிக்காரருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வேர்வையில் உப்பெல்லாம் போய்விட்டால் அப்படிப் பிடிக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். கீழே தரை முழுக்க உப்பு கொட்டிக் கிடக்கிறது, இந்த மனுஷன் உடம்பில் ஒரு சிட்டிகை இல்லை. பர்கூர் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். ஓயாமல் பேசுகிற பையன் அவன், கேட்டதற்கும் பதில் இல்லை, முகம் காய்ந்து கிடந்தது, வேர்வையே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்போதுதான். போனை எடுத்தால் சிக்னல் இல்லை. பள்ளத்துக்குள் எப்படி இருக்கும்? ஒரு பாறை ஓரம் அரை ஆள் அளவுக்கு நிழல் விழுந்திருந்தது, மூன்று பேரும் மாற்றி மாற்றித் தலையை மட்டும் அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மிச்சம் இருந்த இரண்டு வாய்த் தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்தோம்.

விளிம்புக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஆடு மேய்க்கிற வயசான பதுவி (பாலைவன நாடோடி) ஒருவர், பழைய பிக்கப்பில் சாய்ந்துகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். பாட்டிலை எங்கள் கையில் கொடுக்கவில்லை. மூடியைக் கழற்றி, அந்த மூடியில் ஊற்றி, தம்பி வாயில் வைத்தார். ஒரு மூடி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூடி. நான் பாட்டிலைப் பிடுங்கப் போனதற்குக் கையில் பட்டென்று ஒரு அடி போட்டார், எங்கள் பாட்டி போடுகிற மாதிரி. அரை மணி நேரம் மூடி மூடியாகக் கொடுத்து, அப்புறம் பேரீச்சம் பழம் கொடுத்து, அதற்கும் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த அரபியில் பாதிதான் புரிந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

அவர்தான் அந்த இடத்தின் கதையையும் சொன்னார். தாமியா என்று ஒரு மலை, பெண். கதன் என்று தூரத்தில் ஒரு மலை, ஆண். ஒரு ராத்திரி மின்னல் வெளிச்சத்தில் கதனைப் பார்த்துவிட்டு, தாமியா அடியோடு பெயர்ந்து அவனைத் தேடிப் பறந்ததாம். அதன் சொந்தக்கார மலை ஒன்று பொறாமையில் அம்பு விட்டுப் பாதி வழியில் வீழ்த்திவிட்டதாம். அவள் பெயர்ந்து போன இடம்தான் இந்தக் குழி, அதனால் இதற்கு மக்லா தாமியா என்றும் பெயர். நம் தீர்த்தமலையில் ராமர் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்தார் என்று கதை. இங்கே அம்பு, அங்கேயும் அம்பு. தண்ணீர் நம் அம்புக்குத்தான் வந்தது என்று மாரண்டஅள்ளிக்காரர் காரில் புலம்பிக்கொண்டே வந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த மாதிரி இடத்தை ‘உறங்கும் எரிமலை’ என்று சிலர் எழுதுவது தப்பில்லை, ஆனால் உறங்குகிறது என்றால் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த வட்டாரத்து ஹர்ராக்களில் ஒன்று 1256-இல் மதீனா பக்கத்தில் 52 நாள் குழம்பு கக்கியிருக்கிறது. 2009-இல் ஹர்ரத் லுனாயிர் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன நில அதிர்வுகள் வந்து, குழம்பு மேலே வரப் பார்க்கிறது என்று தெரிந்து, சுமார் 40,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். நான் அப்போது அங்கே போகவில்லை, போன பிறகும் ரூமில் அதையே பேசுவார்கள். கடைசியில் குழம்பு வெளியே வரவில்லை. வஹ்பாவுக்குப் போகிறவன் எரிமலைக்குப் பயப்படவேண்டியதில்லை, வெயிலுக்குப் பயந்தால் போதும்.

இதையெல்லாம் சொல்வது போகாதே என்று தடுப்பதற்கு இல்லை. நானே அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன், ஒரு முறை டிசம்பரில், விடிவதற்கு முன்னால் விளிம்பில் நின்று வெளிச்சம் சுவரில் மெல்ல மெல்ல இறங்கி அடியைத் தொடுவதைப் பார்த்தேன். அந்த முறை ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், அதில் ஒன்றரை லிட்டரை வழியிலேயே ஒரு பாறை மறைவில் ஏறி வரும்போது எடுத்துக்கொள்ள வைத்துவிட்டுப் போனோம். ஓஆர்எஸ் பொட்டலம், மூடின ஷூ, துண்டு. ஏழு மணிக்கு இறங்கி, பத்து மணிக்குள் மேலே வந்து டீ குடித்தோம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும் விளிம்போடு நின்று பார்த்துவிட்டு வந்தால் போதும். அங்கிருந்தே முழுசாகத் தெரிகிறது.

அதனால் ஆசிரியர் அவர்களே, வருகிற ஞாயிறு ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். விண்கல் என்பதை எரிமலை என்று மாற்றுவது உங்கள் இஷ்டம். அந்த அரை மணி நேரத்தை மட்டும் எடுத்துவிட்டு, இறங்க முக்கால் மணி, ஏற அதைப்போல் இரண்டு பங்கு, வெயில் ஏறிவிட்டால் அதற்கும் மேலே, தண்ணீரில் பாதிக்கு மேல் ஏற்றத்துக்கு என்று போட்டால் போதும். நீங்கள் வெளியிட்ட படம் வஹ்பாவின் படம்தான், அதில் தப்பே இல்லை. ஆனால் அது மேலே நின்று எடுத்த படம். வெள்ளைத் தரையில் வலது ஓரம் கடுகு மாதிரி மூன்று கறுப்புப் புள்ளி தெரிகிறதே, அச்சுப் பிழை என்று டீக்கடையில் சொன்னார்கள். அது ஆட்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.